எம்பாகா மாட்டிய கண்ணி

ரூஹிஜா,
பிப்ரவரி 4, 2006

அரிஹோவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். பஸ் கண்டக்டரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய சர்க்கரையும் சோப்பும் வந்து சேர்ந்தன. கடிதம் மட்டும் வழக்கம்போல் கையகலம். போதாததற்கு மேலே ‘நின்சீமாவுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர் கிடையாது. ஊரே அரிஹோ அம்மா என்றுதான் கூப்பிடுகிறது, இப்போதும். உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?

உருளைக்கிழங்கு பூத்துவிட்டது. பாதியைக் குரங்குகள் தோண்டிவிட்டன. மாதர் சங்கத்தில் வீட்டுக்கொரு பெண்பன்றி தரப் போகிறார்கள். காட்டில் இனிக் கண்ணி வைக்க மாட்டோம், வைத்ததையும் எடுத்துவிட்டோம் என்று ஒவ்வொரு வீடும் சத்தியம் செய்ய வேண்டும். எல்லா ஆண்களும் போய்த் தங்கள் கண்ணிக் கம்பிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்களுடையவைதான் பாக்கி. ஒரு வீட்டுக் கம்பி காட்டில் இருந்தாலும் யாருக்கும் பன்றி கிடையாது.

சங்கத் தலைவி பெனினா நேற்று கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, உன் புருஷன் கம்பாலாவுல எவன் கடைக்கோ காவல் நிக்கிறான். இங்க அவன் கம்பி எங்க பொழப்புக்குக் காவல் நிக்குது!” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அரிஹோவின் அம்மா


கம்பாலா,
பிப்ரவரி 19

நின்சீமாவுக்கு,

நலம். லீவு தரமாட்டேன் என்கிறார்கள். கம்பிகளைத் தம்பி தும்வினேயை எடுக்கச் சொல். எங்கெங்கே இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். உனக்கு ஒரு துணி அனுப்பியிருக்கிறேன், மஞ்சள் பூப் போட்டது.

முஜுனி


ரூஹிஜா,
மார்ச் 12

அரிஹோவின் அப்பாவுக்கு,

துணி வந்தது. நல்ல துணி. எங்கே கட்டிக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை.

தும்வினேயிடம் சொன்னேன். அவன் பதறிப் போய்விட்டான். “அண்ணி, நீங்க சொல்றது உங்களுக்கே நல்லாருக்கா? கண்ணி வெச்சவன்தான் கண்ணி எடுக்கணும். இல்லேன்னா அவன் செத்தப்புறம் பொண்டாட்டி எடுக்கணும். உசுரோட இருக்கிற அண்ணன் கம்பியில நான் கைவெச்சா என்னை ஊரு என்ன சொல்லும்?” என்றான். அவன் சொல்வதும் நியாயம்தானே? இந்த மலையில் பிறந்த உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

விறகுக்குப் போனவர்கள் உங்கள் கம்பியில் ஒரு குட்டை மான் மாட்டி அழுகிக் கிடக்கிறது என்றார்கள். தின்னவும் இல்லை, விடவும் இல்லை.

லீவு இல்லை என்பதெல்லாம் சும்மா. அரிஹோவுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று நீங்கள் அந்தக் கண்ணிகளைப் பார்க்கத்தான் போயிருந்தீர்கள். திரும்பி வந்தபோது மானைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, அப்படியே நின்றீர்கள். நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டேனா? அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால்கூடத் தேவலை. உள்ளே எல்லாம் மரத்துப் போய்விட்டது. சோறு வேகிறது, தின்கிறேன். பொழுது விடிகிறது, எழுந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அவன் உங்களை நச்சரிப்பானே, “அப்பா, எம்பாகா நெசமாவே இருக்கா, இல்ல நீ விடுற கதையா?” என்று. உங்கள் அப்பாவின் புகையிலைப் பை அந்தக் காட்டுப் பூனையின் தோல்தான் என்று காட்டுவீர்கள். “பை இருக்கு, பூனை எங்க?” என்பான். பெரியவனானதும் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்றீர்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாருங்கள். கம்பிக்காக இல்லாவிட்டாலும் வாருங்கள். வாழைத் தோட்டத்தில் அவன் குழிமேல் புல் முளைத்துவிட்டது. நான் ஒருத்தியாகப் பிடுங்குகிறேன்.

அரிஹோவின் அம்மா


கம்பாலா,
ஏப்ரல் 2

நின்சீமாவுக்கு,

அந்தப் பாதையில் என்னால் கால் வைக்க முடியாது. வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. என்னைக் கேட்காதே. கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்.

கம்பிகளை நீ தொட்டுவிடாதே. உயிரோடு இருப்பவனைச் சாகடிக்காதே. கைச்செலவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

முஜுனி


ரூஹிஜா,
ஏப்ரல் 27

முஜுனிக்கு,

செவ்வாய்க்கிழமை காலை தும்வினே ஓடி வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் உங்கள் கம்பியில் எம்பாகா மாட்டியிருக்கிறது, உயிர் இருக்கிறது என்றான். “அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டான். “உங்க அண்ணன் கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்னு எழுதியிருக்கார். அது அதுவரைக்கும் தாங்குமா?” என்றேன். அரிவாளையும் உங்கள் மஞ்சள் துணியையும் எடுத்துக்கொண்டு நான் போனேன். கூட வந்த தும்வினே ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

பார்த்தேன். தேன் நிறம், வயிறு வெளுப்பு, அதில் புள்ளிகள். நாயைவிடப் பெரிதில்லை. முன்னங்காலில் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் மண்ணைப் பிறாண்டிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. பயமாகவே இல்லை எனக்கு. துணியை மேலே போட்டு அமுக்கினேன். வளைத்துக் கட்டியிருந்த கொம்பை வெட்டினேன், கம்பி தளர்ந்தது. சுருக்கைப் பிரிப்பதற்குள் முழங்கையைக் கிழித்துவிட்டது. துணியை எடுத்தேன். மூன்று காலில் புதருக்குள் போய்விட்டது, பிழைக்குமோ என்னவோ. பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

ஒன்றை எடுத்தால் என்ன, எல்லாம் எடுத்தால் என்ன? எல்லாவற்றையும் எடுத்தேன். கம்பிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்தேன். முதலில் பார்த்தவள் பெனினா. மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

சாவு விழுந்த வீட்டுக்குச் செய்வதுபோல், உங்களுக்காக மறுநாள் ஊரில் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெனினா சோளக் கூழ் கொண்டுவந்து, “அழுதுடுடி, நெஞ்சு அடைச்சுக்கும்” என்றாள். தும்வினே வாசலில் உட்கார்ந்து அழுதான். எனக்கு வரவில்லை. பிள்ளைக்கே வராதது உங்களுக்கு வருமா?

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எப்போது வருகிறார் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பன்றி நாளைக்கு வருகிறது. கிழிந்த துணியை அதன் கொட்டிலில் விரித்துவிட்டேன்.

எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் நேரே வாழைத் தோட்டத்துக்குப் போங்கள். புல் பிடுங்கி வைத்திருப்பேன். அவனிடம் எம்பாகா நிஜம்தான் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

அரிஹோவின் அம்மா