குலுக்கக் கூடாத குப்பி

அன்பும் அறிவும் அளவுக்கு மீறி வாய்த்த என் மருமகள் சில்வண்டுக்கு,

இருபத்தெட்டு வருடங்களில் நானூறு கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கிய மாவீரனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான், ஆஸ்பத்திரியின் ஏழாம் கட்டிலிலிருந்து எழுதுவது. ஒருவரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். என் கடப்பாரைமேல் சத்தியமாக, இதை யாரும் நம்பப் போவதில்லை. நீயும் நம்பாதே.

இந்தப் புது மருந்தின் முதல் குப்பி ஏறிய நாளைப் பற்றி உன் அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். அக்காவுக்கு வர்ணனை வராது. மருந்து இறங்கி இரண்டு மணி நேரத்தில் குளிர் வந்தது. கட்டில் நடக்க ஆரம்பித்தது. ஜன்னல்வரை போய் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியது. என் பற்கள் அடித்துக்கொண்டதில் பக்கத்து வார்டில் காரை உதிர்ந்தது. என்னை அமுக்கிப் பிடிக்க வந்த வார்டு உதவியாளரின் தாடையில் என் முழங்கை விழ, மனிதர் மூன்று சுற்றுச் சுற்றிப் போர்வை அலமாரிக்குள் போய் உட்கார்ந்தார். கட்டிலின் இரும்புக் கம்பி என் கையோடு வந்துவிட்டது. ஜுரம் ஏறிய வேகத்தைப் பார்த்துத் தெர்மாமீட்டர் வேலையை விட்டே போனது.

அன்று சாயங்காலம் நீ போனில் அழுதாய். நீ வேலை பார்க்கும் மருந்து ஆய்வுக்கூடத்தில் உன் கையால் கலந்த மருந்தே மாமாவை அடித்துப் போட்டுவிட்டது என்றாய். "போதும் மாமா, ரெண்டாவது வேண்டாம், எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுங்க" என்று கெஞ்சினாய். இதற்கு முன் கொடுத்த இரண்டு மருந்தும் தோற்றுப்போனவை, இதை விட்டால் டாக்டரிடம் வேறு எதுவும் இல்லை என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் நீ அழுதாய். நானும் சரி என்றேன். அது நிற்கட்டும்.

உள்ளே நடந்த யுத்தத்தை நீ பார்க்கவில்லையே. கல்லீரலில் குடியேறியிருக்கிற அந்தப் புற்றுநோய்க் கூட்டம் அனுமதி வாங்காமல் மாடிமேல் மாடி கட்டிக்கொண்டிருந்தது. நீ மருந்தை உள்ளே வைத்து மூடிய கொழுப்புக் குமிழிகள் லட்சம் லட்சமாகப் போய் அதன் வாசலில் நின்றன. கொழுப்பைக் கண்டால் விடுமா, பேராசை பிடித்த கழுதை. ஒவ்வொன்றாக வாரி வாயில் போட்டு, ஒரு பைக்குள் அடைத்து, புளிக்க வைத்துச் செரிக்கப் பார்த்தது. அங்கேதான் உன் சூது. புளிப்பு பட்டதும் கொழுப்பு குணம் மாறிப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. உள்ளே மடித்து வைத்த மரபணு அவிழ்ந்தது. அதில் நீ எழுதியிருந்தது ஒரே உத்தரவு: செத்துப் போ. புற்றுக்கு மட்டுமே புரியும் மொழியில் வேறு எழுதியிருக்கிறாய், அதனால் நல்ல செல்லுக்குக் கடிதம் போனாலும் படிக்கத் தெரியாது.

என் தொழிலிலும் இதுதான் உச்சம். வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பவன் கூலிக்காரன். உள்ளே புகுந்து தாங்கும் தூணை மட்டும் முறித்தால், கட்டடம் நின்ற இடத்திலேயே மடிந்து உட்காரும், பக்கத்து வீட்டுக் கண்ணாடிகூட விரியாது. அப்படி எனக்குள்ளே சுவர் சுவராகச் சரிந்தது. தூண் முறிந்தது. பிணங்கள் ரத்தத்தில் மிதந்து போயின. ஒரு பாவமும் பார்க்கவில்லை நீ. எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது இரண்டாவது குப்பிக்குக் குறித்த நாளுக்கு வருகிறேன். மருந்து ஏற்றும் அறைக்கு நான் போவதற்குள் குப்பியை ஐஸிலிருந்து எடுத்து இளக வைத்திருந்தார்கள். ஒருமுறை இளகினால் திரும்ப உறைய வைக்க முடியாதாமே. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பையன் அதை எடுத்தான். இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல ஓங்கினான். குலுக்கினால் குமிழி உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது மருந்தில்லை, எண்ணெய் என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்.

பாய்ந்தேன். சலைன் கம்பத்தைப் பிடுங்கி ஈட்டியாக எறிந்தேன், கதவில் குத்தி நின்று ஆடியது. தடுக்க வந்த நான்கு காவலாளிகளில் இருவரை ஒரு கையால் தூக்கி மற்ற இருவர்மேல் போட்டேன். தள்ளுவண்டி கவிழ்ந்தது, ஜன்னல் நொறுங்கியது. தலைமை நர்ஸ் ஓடி வந்து, "ஐயா, நீங்க நோயாளியா, ரவுடியா" என்று கேட்டார். தேவைக்கு ஏற்றபடி என்றேன். அந்தப் பையனோ, "சார், கையை விடுங்க, நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகுது" என்று அழும் நிலைக்கு வந்துவிட்டான்.

சரி, சில்வண்டு. கம்பம் பறக்கவில்லை. காவலாளி ஒருவர்தான், அவரும் டீ குடிக்கப் போயிருந்தார். நான் அன்று போனதே உனக்குச் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டு வரத்தான். துணியெல்லாம் பையில் மடித்து வைத்தாயிற்று. மருந்து வேண்டாம் என்கிற தாள் மடியில் இருந்தது, பேனா கையில் இருந்தது. அவன் குப்பியை ஓங்கினான். நீ நின்ற இடத்தில் நின்று சொட்டுச் சொட்டாகக் கலந்தது அது. பேனா எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

அந்தச் சண்டைப் புளுகு மூட்டையில் ஒரே ஒரு துணுக்கு நிஜம். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். குலுக்காதே தம்பி, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டு என்று காட்டிக் கொடுத்தேன். அப்புறம் மருந்தை ஏற்றச் சொல்லிக் கையை நீட்டிவிட்டேன்.

இம்முறையும் குளிர் வந்தது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ நூறு வயது நன்றாக இரு. மூன்றாவது குப்பியை வேறு யார் கையிலும் விடாமல் நீயே கலந்து அனுப்பு.

உன் உத்தரவை மீறிய,
தாய்மாமன்