காலிப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள், நம் வட்டார வாரப் பத்திரிகையின் நிருபர். ஆசிரியரும் அவரேதான். வந்தது என் தண்ணீர் நோட்டுக்காக. மூன்று வருடமாக எழுதுகிறேன்: குழாயில் வந்த நேரம், நின்ற நேரம், வராத நாளுக்கு ஒரு சுழி. ஜனவரியில் தினமும் விட்டோம் என்று தண்ணீர் ஆபீஸ் சொல்கிறதாம்.

ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த எட்டு நாள் காலியா இருக்கே, வரவே இல்லையாக்கா?" என்றார். அடுப்பில் பால். "நோட்டுல இருக்கிறதுதான் தம்பி" என்றேன்.

"இனிமே நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன்னும் பேப்பர்ல வரும்" என்றார் இவர்.

மார்ச் 7, வெள்ளி

பத்திரிகையின் முதல் பக்கத்தில் என் நோட்டின் படம், என் கையெழுத்து! 'தொடர்ந்து எட்டு நாள் வறண்ட குழாய்.' பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது தாண்டாதவள் நான். பிரார்த்தனையில் கூட மனம் அந்தப் பக்கத்திலேயே நின்றது. மன்னித்துவிடு, ஆண்டவனே.

மார்ச் 10, திங்கள்

அந்தச் செய்தியைக் காட்டி, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வால்வு திறப்பவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி மளிகைக் கடையில் என்னிடம் வந்தாள். "மோட்டார் ரிப்பேரான நாளுக்கு அவர் என்னக்கா பண்ணுவார்? ஆனா அந்த எட்டு நாளும் திறந்தார்." சண்டைக்கு வந்திருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

நோட்டைப் பிரித்தேன். ஜனவரி 14 முதல் 21 வரை ஒன்றுமில்லை. சுழியும் இல்லை.

தங்கையின் ஆபரேஷன். எட்டு நாளும் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மகளிடம் கேட்டேன். "தொட்டி வழிஞ்சு கீழ்வீட்டு மாமா ரெண்டு நாள் கத்தினாரேம்மா."

அன்றைக்கு நிருபர் விரல் வைத்துக் கேட்டபோது ஒரு நிமிஷம் அடுப்பை அணைத்திருந்தால்? பால்தான் காரணமா? இல்லை. என் நோட்டில் காலியிடம் இருக்கும் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

"பேசாம இரு. இதைச் சொன்னா மத்த நாளும் பொய்னு ஆபீஸ்காரன் தலைகீழா நிப்பான். அந்தப் பத்திரிகைக்காரன் கதி என்ன?" என்கிறார் இவர். அதுவும் நியாயம்தான். வேலை போனவன் கதி?

காலையில் மண்டியிட்டேன். எதுவும் கேட்கவில்லை. எழுந்து எழுதினேன். மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். நகல்:

'ஆசிரியர் தம்பிக்கு, ஜனவரி 14 முதல் 21 வரை நான் வீட்டில் இல்லை. காலியிடம் என்றால் நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் வரவில்லை என்று அல்ல. நீங்கள் கேட்டீர்கள், நான்தான் சரியாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கள் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. அந்த மாதத்தில் சுழி போட்ட பதினோரு நாட்களும் உண்மை. யார் கேட்டாலும் வந்து சொல்வேன். திருத்தத்தை அதே முதல் பக்கத்தில், என் பெயரோடு போடுங்கள். வால்வுக்காரர் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. உங்கள் பதிலோடு போகலாம் என்றிருக்கிறேன். நாளை இதழ் அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து பதில் அனுப்புங்கள்.'