இக்னேஷியஸ் விட்டுப்போன மாதிரி வரி

சேக்காடு, ஆவடி
9-11-1997

அன்பு மகள் செலினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் நைட் டூட்டி பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆனால் சாயங்காலம் உன் தம்பி வேலை விட்டு வரும் நேரமானால் இன்னமும் போய் கேட்டைத் திறந்து வைக்கிறாள், இருட்டியதும் நான் போய்ச் சாத்திவிட்டு வருகிறேன்.

நீ சொன்னபடி பூந்தமல்லி போய் வக்கீல் வீரராகவனைப் பார்த்தேன். தம்பி செய்த தமிழ் டைப்பிங் புரோகிராமை அவன் வேலை பார்த்த கம்பெனி தாராளமாக விற்கட்டும், திறந்ததும் உருவாக்கியவர் என்று முதலாளி மகன் பெயர் வருகிறதே, அந்த இடத்தில் நம் இக்னேஷியஸ் பெயரைப் போட வைக்க முடியாதா என்று கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். கம்ப்யூட்டர் புரோகிராமையும் கதை கவிதையோடு சேர்த்து இலக்கியம் என்றே எழுதி வைத்திருக்கிறார்களாம். தமிழ்ப் பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸான நம் பையன் இலக்கியம் செய்திருக்கிறான், எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனால் சம்பளத்துக்குச் செய்ததால் பதிப்புரிமை கம்பெனிக்குத்தானாம். இதைச் செய்தவன் நான், என் பெயரைப் போடு என்று கேட்கும் உரிமை மட்டும் அவனை விட்டுப் போகாதாம், அதையும் அவனேதான் கேட்க வேண்டுமாம், வாரிசுகள் கேட்க இடமில்லையாம். இக்னேஷியஸ் உயிரோடு இருந்தால் கேட்கலாம் சார் என்றார். அவன் உயிரோடு இருந்தால் நான் எதற்கய்யா உங்களிடம் வருகிறேன் என்று கத்திவிட்டேன், பாவம் அவர் என்ன செய்வார். டாங்க் பாக்டரியில் நான் செய்த எதிலும் என் பெயர் கிடையாது, அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இது மட்டும் தாங்கவில்லை செலின்.

தம்பியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்க நேற்று நானும் அம்மாவும் மார்க்கெட் பக்கம் பாஸ்கரனின் அச்சுக் கடைக்குப் போனோம். அவன் கம்ப்யூட்டரைத் திறந்தால் நம் தம்பியின் புரோகிராம். தம்பி இல்லை என்ற சேதியைத் தம்பி செய்த எழுத்திலேயே அடிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன எழுத்து வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் மாதிரிக்கு ஒரு வரி வருகிறது, செலின் அக்கா சாப்ட்டியா என்று. எந்த எழுத்தைத் தொட்டாலும் அதே வரிதான், மெல்லிசாக, தடியாக, சாய்வாக. இன்னா சார் அழுவுறீங்க, இது எப்பவும் வர்ற லைன்தான், யார்ரா அந்த செலின்னு நாங்களே பேசிக்கினு இருப்போம் என்றான் பாஸ்கரன். என் பெண் என்றாள் அம்மா.

அதனால் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம் கண்ணு. நாம் கிளறினால் அவர்கள் புரோகிராமைத் துருவிப் பார்ப்பார்கள், பார்த்தால் அந்த வரியை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் போகிறது.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. அட்டை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். டூட்டி டூட்டி என்று பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. ஊரில் எத்தனை கடையிலோ அவன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

இப்படிக்கு
உன் அப்பா
கிறிஸ்துதாஸ்