எதிரேதான் இருக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் எதிர்க்கடைக்கு டாக்சியில் போனேன். எழுதவே பேனா கூசுகிறது.

பால்கனியில் நின்றால் அந்த மருந்துக்கடையின் பச்சைப் பலகை தெரியும். கடைக்காரர் கொட்டாவி விடுவதுகூடத் தெரியும். ஆனால் நடுவில் நெடுஞ்சாலை, அதன் நடுவில் கம்பித் தடுப்பு. சிக்னல்வரை போய், கடந்து, அவ்வளவு தூரமும் மறுபக்கமாகத் திரும்பி வரவேண்டும். காக்கைக்குக் கிட்டம், முட்டி போன மனுஷிக்கு யாத்திரை.

டாக்சிக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இதைத்தான் நடக்கிற தூரம்னு சொல்லுவாங்க."

"தெரியும் தம்பி. ஊரெல்லாம் அப்படிச் சொல்லிட்டிருக்கிறதே நான்தான்."

திரும்பும்போது முனையிலேயே இறங்கிக்கொண்டேன். வேர்க்காத நெற்றியைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தால், வானொலி அக்கா நிற்கிறாள். கீழ்வீட்டுக்காரி. அவள் கண்ணில் பட்டது எதுவும் பொழுது சாய்வதற்குள் எல்லா மாடிக்கும் ஒலிபரப்பாகிவிடும்.

"நடந்தா வர்றீங்க?"

"பின்னே, பறந்தா?"

அவள் பார்வை என்னைத் தாண்டி, முனையில் திரும்பிக்கொண்டிருந்த டாக்சியின் மேல் போய் உட்கார்ந்தது. போச்சு.

மார்ச் 4, புதன்

மகள் போனில் தீர்ப்பு வாசித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன். அப்பா தனியா மருந்துக்கடைக்கும் முடிவெட்டுற கடைக்கும் போயிட்டு வரட்டும். நான் பின்னாடியே வருவேன், கை கொடுக்க மாட்டேன். அவரால முடியலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடுங்க. பேச்சே கிடையாது."

அவருக்கு ஓரப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது மட்டும் தெரியும், அதுவும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். "நடந்து போறவன்தான் எனக்குப் பெரிய சனியன்"னு சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது தானே நடக்கிறவன்.

இந்த வீட்டைப் பார்த்துப் பிடித்தது நான். பால்கனியில் நின்று, கையை நீட்டி, "எல்லாம் எதிரேதான், யாரையும் எதிர்பார்க்காம போயிட்டு வரலாம்" என்று சொன்னதும் நான். சிக்னலை அன்று நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பேனா? சந்தேகம்தான்.

மகள் வீட்டில் எங்களுக்கு இருப்பது துணி காயப்போடும் அறை. அங்கே போனால் அவர் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார். அவள் வீட்டுக் கதவுக்கு வெளியே ஒரே பாலம், ஒரே வாகனம். தனியாக ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட முடியாது.

"உன் 'எதிரே'யை நம்பித்தான் நான் ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறிப் போனேன்" என்றாள் மகள். பழைய வழக்கு. "சரி, நான் வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கிட்டு நடக்கிறியா?"

"தேஞ்சே போச்சுடி."

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையிலிருந்து வீடு திரும்பினேன். (வேலைக்கு வேன் வாசலுக்கே வருகிறது, அதனால்தான் என் வண்டவாளம் இத்தனை நாள் வெளியே வரவில்லை.) அவர் நாற்காலி காலி. மடக்குக் கோலும் இல்லை. சொல்லாமல் கிளம்பியிருக்கிறார் மனுஷன்!

பால்கனிக்கு ஓடினேன். சிக்னலில் நிற்கிறார். பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள், அவர் அசையவில்லை. மறுபடி பச்சை. மறுபடியும் நிற்கிறார். ஐயோ, தெரியலையா? பயந்துட்டாரா? திசை மாறிப்போச்சா?

கத்தினேன். கூப்பிடு தூரம் என்கிறார்களே, அதை லாரிகள் வருவதற்கு முன்னால் யாரோ அளந்திருக்கிறார்கள்.

லிப்ட் வேலை செய்யவில்லை. படியில் இறங்கினேன். முதல் திருப்பத்திலேயே முட்டி பூட்டிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரேதான் இருக்கிறார், என்னால் போக முடியவில்லை. கீழேயிருந்து வானொலி அக்கா எட்டிப் பார்த்தாள். "அவரு... ரோட்டுல..." என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் ஓடினாள். வாயைவிட வேகமான கால் அவளுக்கு, இன்றுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் கையில் பை.

"ரெண்டு பச்சை விட்டுட்டு நின்னீங்களே!"

"திரும்புற வண்டி எப்ப நிக்குதுன்னு காதால கேட்டுக்கிட்டிருந்தேன். புது ரூட்டுல முதல் நாளே மிதிச்சு ஓட்டுவாங்களா?"

பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து என் மடியில் வைத்தார். "முட்டிக்கு ஒண்ணு குடுங்கன்னேன். 'உங்க வீட்டம்மா டாக்சில வந்து வாங்குவாங்களே, அதேவா?'ன்னு கடைக்காரர் கேட்டார்."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் கூரையைப் பார்த்தேன். கூரை சுத்தமாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

மகளிடம் சொல்வாரா? கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 8, ஞாயிறு

வந்ததும் வராததுமாக வாசலில் வானொலி அக்காவைப் பிடித்தாள் மகள். நான் மாடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆன்ட்டி, அம்மா நடக்கிறாங்களா?"

"உங்கம்மாவா? தினமும்! நான்தான் கண்ணால பார்க்கிறேனே."

அடிப்பாவி, மகராசி! உன்னை எத்தனை ஏசியிருப்பேன்.

ஆனால் மகள் லேசுப்பட்டவள் இல்லை. "அப்ப நீயும் வாம்மா, ரெண்டு பேரையும் சேர்த்தே பார்த்துடறேன்." ஷூ நனைந்திருக்கிறது என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்தே பழகிவிட்டது.

அவர் முன்னால், கோலைத் தட்டியபடி. மகள் பின்னால், கைகளை முதுகுக்குப் பின் கட்டியபடி. கை கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம். நான் கடைசியில். சிக்னல் வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பச்சை. இறங்கினார். கடந்துவிட்டார்! மகளும் கடந்தாள்.

நான் கடக்கவில்லை. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். முட்டி பூட்டிவிட்டது.

மறுபக்கம் மகள் திரும்பிப் பார்த்தாள். அவரிடம் ஏதோ சொன்னாள். அடுத்த பச்சையில் அவர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார், கோலை நீட்டி, கம்பத்தைத் தட்டி, பிறகு என் கையைத் தட்டி.

"பிடிச்சுக்க. மெதுவா கியர் மாத்திப் போலாம்."

"உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"கண்ணுதான் போச்சு. நீ முனையில டாக்சிக் கதவைச் சாத்துற சத்தம் தினம் கேக்குது."

கடைக்குப் போகாமலே மூன்று பேரும் வீடு திரும்பினோம். மகள் சொன்னாள்: "அப்பா பாஸ். பரீட்சை எழுத வேண்டிய ஆளை நாங்க யாரும் பார்க்கவே இல்லை."

அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். அவர் மட்டும், "முடிவெட்டிக்கவே இல்லையே" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

வீடு இங்கேயேதான். கடைகண்ணிக்கு அவர் போகிறார். முடிவெட்டும் கடையிலிருந்து வம்பும் வாங்கி வருகிறார்; வானொலி அக்காவே நேற்று இவரிடம் செய்தி கேட்டாள். நான் பால்கனியில் உட்கார்ந்து களிம்பு தடவுகிறேன். முட்டி வைத்தியரிடம் வெள்ளிக்கிழமை போகவேண்டும். எங்கே என்று இவரிடம் கேட்டேன். "எதிரேதான்" என்றார், என் குரலிலேயே.

இன்று செருப்பு அலமாரியைத் துடைத்தவர், மகள் வாங்கிக் கொடுத்த என் ஷூவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"தேஞ்சே போச்சுன்னியே, இது என்ன வழவழன்னு ஒட்டிக்கிட்டிருக்கு?"

விலைச்சீட்டு.