தையல் வகுப்பு என்ற பலகை

மார்ச் 12, செவ்வாய்

நிதி கொடுக்கும் அறவாரியத்திலிருந்து இன்று ஓர் அதிகாரி கிள்ளானில் நாங்கள் நடத்தும் பெண்கள் மையத்துக்கு வந்தார். வாசலில் 'தையல் வகுப்பு' என்ற பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"டீச்சர், நாங்க காசு கொடுக்கறது மனநலத்துக்குலா. தையலுக்கு வேற ஃபண்ட் இருக்கு."

"தைக்கிற சாக்குலதான் தம்பி பொம்பளைங்க மனசு விட்டுப் பேசறாங்க. உள்ள கவுன்சலர் இருக்காங்க, வந்து பாருங்க."

"அப்போ போர்டுல மனநல மையம்னு எழுதுங்க. எப்ப வந்தாலும் அது இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டோ அனுப்புங்க."

வாசிக்கத் திணறிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் நான் நடத்திய வகுப்புக்குக் 'கதை நேரம்' என்றுதான் பெயர். அதனால்தான் கூச்சப்படாமல் வந்தார்கள். இதையும் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு நிதிப் படிவத்தில் இருந்த விதியைக் காட்டினார். எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

தையலுக்கு வரும் சாந்தி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கணவர் இறந்த பிறகு யாரிடமும் பேசாமல் இருந்தவள். போன மாதம்தான் கவுன்சலர் முன்னால் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

"டீச்சர், அந்த போர்டு மாட்டினா என் மாமியார் விடமாட்டாங்க. பைத்தியம்னு சொல்லிப் பிள்ளைங்களையும் பிடுங்கிக்குவாங்க."

பலகையை மாற்றாவிட்டால் கவுன்சலருக்குச் சம்பளம் கிடையாது. மாற்றினால் அவர் இருப்பார், எதிரே உட்கார ஆள் இருக்காது. இது அந்த அதிகாரிக்கு ஏன் புரியவில்லை? நான்தான் சரியாக விளக்கவில்லையோ?

சாந்தியிடம், "போர்டு மாறாது, அடுத்த செவ்வாய் வா, கவுன்சலரும் இருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.