இரண்டு ஊருக்கும் ஒரே கைப்பிடி

என் உலகப் பிரசிடெண்டு மாமாவுக்கு,

ராசம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கறவை மாடும் சுகம். சென்னையில் நம் எழில்மொழியும் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீங்கள் திருப்பூரில் வேலை பார்த்த காலத்தில் எழுதிய பழக்கம்தான், கை விடவில்லை. உங்கள் வருஷத் திதி வரப்போகிறது. அதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும்.

மழை விடவில்லை மாமா. பொங்கல் வைத்தாயிற்று, ஐப்பசியில் கொட்டுகிற மாதிரி கொட்டுகிறது. போன தையும் இப்படித்தான். சம்பா முற்றித் தலை சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது. காலையில் ஒரு கதிரை உருவிப் பார்த்தேன், மணியெல்லாம் முளை விட்டிருக்கிறது. வலங்கைமானில் இருந்து வந்த அறுப்பு மெஷின் வயலில் இறங்க வழியில்லாமல் ரோட்டிலேயே நிற்கிறது. இப்படிக் காலம் தப்பிப் பெய்கிற மழைக்காக ஏதோ ஒரு நாட்டில் எல்லாத் தலைவர்களும் கூடிப் பேசினதாக டிவியில் காட்டினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் மீரா உசேன் டீக்கடையில் ஆரம்பித்திருப்பீர்கள். “புகையை விடுறவன் ஒரு நாட்டுல, நெல்லு முங்குறவன் இன்னொரு நாட்டுல. கேக்க ஆளில்ல. உலகத்துக்கே ஒரே கெவர்மெண்டு வேணும்யா” என்று. அவரும் விடமாட்டார். “அண்ணே, ஒரு ஆத்துக்கே ரெண்டு ஸ்டேட்டு அடிச்சுக்குது. நீங்க உலகப் பிரசிடெண்டா நில்லுங்க, என்னை டீ மந்திரியாப் போடுங்க” என்பார். அந்தப் பேரைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே நம் வடிகால் ஷட்டரைக் காட்டுவீர்கள். திறந்தால் மேல ஊர் வயல் வடியும், கீழ ஊர் முங்கும். மூடினால் கீழ ஊர் தப்பிக்கும், மேல ஊர் அழுகும். ஆளுக்கொரு கைப்பிடி போட்டுச் சுற்றினால் ஷட்டர்தான் உடையும். ஒரே கைப்பிடி, ஒரே ஆள், பாதி திறப்பு. எல்லாருக்கும் கொஞ்சம் நஷ்டம், அடியோடு அழிகிறவன் யாருமில்லை. உலகத்துக்கும் அதுதான் வழி என்பீர்கள். நீங்கள் மேல ஊர்க்காரர், நான் கீழ ஊரில் பிறந்தவள். அதனால்தான் அந்த இரும்புக் கைப்பிடியை நம் வீட்டில் வைக்க இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டது.

போன தையில் அதை எடுத்துக்கொண்டு மழையில் போனீர்கள். ஷட்டருக்குக் கீழே ஆகாயத்தாமரைக்குள் இருந்து உங்களைத் தூக்கி வந்தார்கள். பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றது மேல ஊர். வழுக்கித்தான் விழுந்தார் என்றது கீழ ஊர். இரண்டு ஊரும் ஒரே பேச்சுப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் கைப்பிடி மாரியம்மன் கோயில் கதவுக்குப் பின்னால் கிடந்தது. நேற்று அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஊருக்கும் உரியவள் நான்தானாம். இன்றைக்கு மேல ஊர் மருதையன் வந்து, “அண்ணி, வாக்கப்பட்ட ஊரு முங்குறதப் பாத்துக்கிட்டா இருப்பீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் என் தம்பி வேம்பு வந்தான். “பொறந்த வீட்டு வயித்துல அடிச்சிடாதக்கா” என்றான். ஒரே கைப்பிடி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை மாமா. அது யார் பக்கம் சுற்றும் என்பதில்தான்.

நாளைக்குப் போவேன், பாதிதான் திறப்பேன், மாமா செய்த மாதிரி, என்றேன் அவனிடம். அவனுக்கு முகம் மாறிவிட்டது. “அன்னைக்கும் மச்சான்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன், ஒரு சுத்தோட விடுங்கன்னு. கேட்டாரா? பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த சுத்தும் சுத்தினாரு” என்றான்.  சொன்ன வேகத்தில் சட்டென்று, குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியிலேயே கீழே வைத்தான்.

உங்களை எடுத்த அன்று அவன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதது எனக்கு மறக்கவில்லை. “நான் கும்பகோணம் போயிட்டேனேக்கா, இங்க இருந்திருந்தா மச்சான விட்டிருப்பேனா” என்றுதான் அழுதான்.

போகும்போது வாசலில் நின்று சொன்னான்: “நாளைக்குத் தனியா போகாதக்கா. பாசி புடிச்ச ஷட்டர் கட்டை. நான் உன் பின்னாடியே நிக்கிறேன்.”

எழில்மொழி போனில், அந்த இரும்பைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்று அழுகிறாள். போட்டுவிட்டால் ஆளுக்கொரு கடப்பாரையோடு ஷட்டருக்கு வருவார்கள். அதனால் போகத்தான் போகிறேன். பாதிதான் திறப்பேன்.

நீங்கள் சொன்னது தப்பென்று நான் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் குனிந்து சுற்றுகிறவருக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறதே மாமா. உலகத்துக்கே ஒரு கைப்பிடி செய்தால், அதைப் பிடிக்கிறவர் எத்தனை பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? டீக்கடையில் அதை யாருமே கேட்கவில்லையே.

எழில்மொழி முழுகாமல் இருக்கிறாள். பிரசவம் வரைக்கும் அவள் கூடவே இருங்கள். கைப்பிடியைத் துடைத்து உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். வேம்பு நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. நாளைக்கு அவன் என் பின்னால் நிற்கும்போது நான் எதை நம்பிக் குனிவது? உங்கள் ராசம்மாள் கேட்கிறேன் மாமா, அன்றைக்கு உங்கள் பின்னால் நின்றது அவன்தானா?