மலை உச்சியிலிருந்து எடுத்த படம்

ஞாயிறு இரவு, தாம்பரம்.

கூடுவாஞ்சேரியிலிருந்து இவருடைய தங்கை வந்திருந்தாள். நாங்கள் போய்வந்த கிரீஸ் மலைக் கிராமங்களின் படங்களை இவர் டிவியில் போட்டுக் காட்டினார். கல் கூரை வீடுகள், வளைவுப் பாலம், கடைசியில் உச்சிப் பாறையிலிருந்து எடுத்த படம்.

"மூச்சு வாங்க ஏறினோம்" என்றார்.

"இதுல நீ எங்க இருக்க அண்ணா?"

"போட்டோ எடுத்ததே நான்தானே?"

எனக்குப் பொறுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். கீழே, கிராமத்து மரத்தடியில், ஒரு சிவப்புத் தொப்பி.

"இதோ உங்க அண்ணன். காபி குடிச்சிட்டிருக்கார்."

தங்கை முன்னால் மானத்தை வாங்கியிருக்க வேண்டாம்தான். ஆனால் முட்டி வலியோடு ஏறியது நானல்லவா?

இப்போது போர்வைக்குள்ளிருந்து கேட்கிறார்: "மேலேர்ந்து வேற என்ன தெரிஞ்சுது?"

ஊர் திரும்பியதிலிருந்து ஒருமுறைகூடக் கேட்காதவர்.

"டைரி எழுதிட்டிருக்கேன், இருங்க" என்றேன்.